நட்டவர் யார்? ‘பிளாண்ட்’ என்ற சொல்லின் பல பொருள்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையின் சுவரில் சென்ற மழைக்காலத்தில் ஒரு வேலை விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைக்கு ஆள் தேவை என்ற செய்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சாகியிருந்தது. ஆங்கிலத்தில் ‘பிளாண்ட் சூப்பர்வைசர்’ என்றும் மலாயில் ‘பெஞெலியா லோஜி’ என்றும் இருந்த பதவி, தமிழ் வரியில் ‘தாவர மேற்பார்வையாளர்’ ஆகியிருந்தது. கணினியிடம் கேட்டு யாரோ எழுதியிருக்க வேண்டும். கடைக்காரரும் நானும் சிரித்து முடிப்பதற்குள், பல ஆண்டுகள் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்த்த ஓர் அக்கா, அந்தத் தொலைபேசி எண்ணை எழுதித் தரும்படி கேட்டார். “கன்னு பாக்கிற வேலதானே அண்ணே, அதத்தானே இத்தன வருசமா செஞ்சேன்” என்றார். கொதிகலனும் பிழிபொறியும் ஓடும் ஆலையைக் கவனிக்கும் வேலை அது என்று விளக்கியதும், “அப்புறம் எதுக்குத் தாவரம்னு எழுதுறாங்க?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குச் செடி என்றும் ஆலை என்றும் இரு பொருள் உண்டு என்று சொல்லி அவரை அனுப்பிவிடலாம். அன்று நான் அப்படித்தான் அனுப்பினேன். ஆனால் அகராதியைத் திறந்தால் பொருள்கள் இரண்டோடு நிற்பதில்லை. செடி, ஆலை, ஆலையிலுள்ள இயந்திரத் தொகுதி, எதிரிக் கூட்டத்துக்குள் நுழைத்து வைக்கப்பட்ட உளவாளி, ஒருவரைச் சிக்கவைப்பதற்காக அவர் பையில் போட்டு வைத்த பொய்த் தடயம் என்று பட்டியல் நீள்கிறது. ஸ்நூக்கர் ஆட்டத்தில் ஒரு பந்தைக் கொண்டு இன்னொரு பந்தைக் குழிக்குள் தள்ளும் ஓர் அடிக்கும் அதே பெயர்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவை அனைத்துக்கும் நடுவே ஒரு மனிதனுடைய பாதம் இருக்கிறது என்பது பின்னர்தான் எனக்குப் புலப்பட்டது.

லத்தீன் மொழியில் ‘பிளாந்தா’ என்பதற்கு உள்ளங்கால் என்று ஒரு பொருளும், நடுவதற்காக வெட்டியெடுத்த இளங்கிளை அல்லது நாற்று என்று மற்றொரு பொருளும் உண்டு. இவ்விரண்டையும் இணைக்கும் வினைச்சொல் ‘பிளாந்தாரே’. நாற்றை மண்ணில் வைத்து உள்ளங்காலால் மிதித்து இறுக்குவதே அவ்வினையின் தொடக்கப் பொருளாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். குதிகால் வலிக்காக மருத்துவரிடம் போகிறவர்களிடம் ‘பிளாண்டார்’ என்று தொடங்கும் நோயின் பெயர் சொல்லப்படுவது இந்த உள்ளங்காலால்தான். ஆங்கிலத்துக்குள் இச்சொல் மிகப் பழங்காலத்திலேயே நுழைந்துவிட்டாலும், அப்போது அது புதிதாக நடப்பட்ட இளமரத்தையோ பூண்டையோ மட்டும் குறித்தது. காட்டில் தானே முளைத்து நின்ற மரத்துக்கு அப்பெயர் இல்லை. நட்டதும் நடாததுமான எல்லாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது விரிந்தது பல நூற்றாண்டுகள் கழித்தே ஆகும்.

மிதித்து நடுவதை வெறும் ஏட்டு விளக்கம் என்று எண்ணுபவர்கள், எங்கள் பக்கத்தில் மறுநடவு நடக்கும் ஒரு காட்டை (தோட்டத்தின் நடவுப் பகுதியை நாங்கள் காடு என்போம்) வந்து பார்க்கலாம். பழைய செம்பனைகள் சாய்க்கப்பட்டுத் துண்டுகளாகச் சீவப்பட்டு வரிசையாகக் குவிந்திருக்க, ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண அமைப்பில், குச்சிகள் ஊன்றப்பட்டிருக்கும். ஒவ்வொரு குச்சியடியிலும் ஒரு குழி. நாற்றங்காலில் ஓராண்டு வளர்ந்த கன்றைப் பையோடு தூக்கி வந்து, குழிக்குள் பாஸ்பேட் உரம் தூவி, கத்தியால் பையைக் கிழித்து உருவிவிட்டு, வேர்மண் உதிராமல் கன்றை இறக்குவார்கள். பிறகு மண்ணைத் தள்ளுவார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மிதி, மறுபடி தள்ளி ஒரு மிதி. ரப்பர் பூட்சு அணிந்த கால் கன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வரும். மிதிக்காமல் விட்டால் மண்ணுக்குள் காற்றுப் புகுந்து வேர் காயும், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், காற்றடித்தால் கன்று சாயும். ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 கன்றுகள் என்றால், அத்தனை கன்றுக்கும் இந்த மிதி உண்டு. ரோமானியர்களின் வினைச்சொல் அங்கே பூட்சு போட்டுக்கொண்டு நடக்கிறது.

இந்தப் பாதத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஆங்கிலச் சொல்லின் உட்பொருள் ‘வைக்கப்பட்டது’ என்பதே. வைக்கப்பட்டது என்றால் வைத்தவர் ஒருவர் உண்டு. தமிழில் நாம் பயன்படுத்தும் ‘தாவரம்’ இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வருகிறது. ‘ஸ்தாவரம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. நிற்பது, இடம்பெயராதது என்பது அதன் பொருள். அசையாச் சொத்தை ஸ்தாவரச் சொத்து என்றும் அசையும் சொத்தை ஜங்கமச் சொத்து என்றும் பழைய பத்திரங்களில் எழுதியவர்கள் இதே சொல்லைத்தான் கையாண்டார்கள். தனித்தமிழில் ‘நிலைத்திணை’ என்று சொன்னாலும் கருத்து மாறுவதில்லை. நிற்பதற்கு நட்டவர் தேவையில்லை. ஆகவே ஆலையைப் ‘பிளாண்ட்’ என்பது ஆங்கிலக் காதுக்கு உறுத்துவதில்லை, ஆலையும் ஒருவரால் ஓரிடத்தில் ஊன்றப்பட்டதுதான். ‘தாவரம்’ என்பது தமிழ்க் காதுக்குச் சிரிப்பை மூட்டுகிறது.

மலாய்மொழி இதில் நம் இரு மொழிகளையும்விடத் தெளிவாக இருக்கிறது என்பது என் எண்ணம். வளர்தலைக் குறிக்கும் ‘தும்போ’விலிருந்து பிறந்த ‘தும்புஹான்’ தாவரங்கள் அனைத்தையும் குறிக்கும். நடுதலைக் குறிக்கும் ‘தானாம்’ என்பதிலிருந்து பிறந்த ‘தானாமான்’ மனிதன் நட்ட பயிரை மட்டும் குறிக்கும். ஆலைக்கும் நிலையத்துக்கும் ‘லோஜி’ என்று முற்றிலும் வேறொரு சொல். ஐரோப்பிய வணிகர்கள் கடலோரங்களில் அமைத்திருந்த பண்டசாலைகளைக் குறித்து வந்த சொல் அது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எங்கள் பட்டணத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், ‘லோஜி’ என்ற பலகையைப் படிக்காத பிள்ளை இங்கே இல்லை. அந்த அக்காவும் மலாய் வரியைப் படித்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்.

வைக்கப்படுவது செடியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், இச்சொல் மனிதர்கள் மீதும் படர்ந்தது. வேல்சு மொழியில் ‘பிளாண்ட்’ என்றால் பிள்ளைகள் என்று பொருள். அயர்லாந்து மக்கள் அதே லத்தீன் சொல்லைக் கடன்வாங்கி, முதலெழுத்தை மாற்றி, சந்ததி என்ற பொருளில் வழங்கினார்கள். குலத்தைக் குறிக்கும் ‘கிளான்’ என்ற ஆங்கிலச் சொல் அந்த வழியில் வந்தது. வாழையடி வாழை என்றும் குலக்கொழுந்து என்றும் பேசுகிற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்தும்போது நாமும் மனிதரைத் தாவரமாக்கித்தான் பார்க்கிறோம். பெண்பிள்ளையை நாற்றங்காலில் வளர்ந்து வேறு வயலுக்குப் போகும் நாற்று என்பார்கள். அங்கு மட்டும் நடுகிற கை ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘பிளாண்டேஷன்’ என்றாலே முதலில் நினைவுக்கு வந்தது பயிரிட்ட நிலமாக இருக்கவில்லை. ஓரிடத்திலிருந்து கொண்டுபோய் வேறோரிடத்தில் குடியேற்றப்பட்ட மக்கள் கூட்டமே அப்படி அழைக்கப்பட்டது. 1609ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில், உள்ளூரார் நிலங்களைப் பறிமுதல் செய்து ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்களைக் குடியமர்த்தியதை வரலாறு இன்றும் ‘அல்ஸ்டர் பிளாண்டேஷன்’ என்றே குறிக்கிறது. 1620இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கியவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்துக்கும் அதே பெயர். ஆங்கிலேயச் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேக்கன் 1625இல் குடியேற்றங்களைப் பற்றி எழுதியபோது, வேறொருவரை நடுவதற்காக அங்கிருப்பவர்களைப் பிடுங்க வேண்டியிராத மண்ணே தமக்கு உகந்தது என்ற கருத்தைச் சொன்னார். நடுதலும் பிடுங்குதலும் அவர் சொற்களில் மனிதர்களுக்கே உரியவை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தின் முழுப்பெயரில் ‘பிளாண்டேஷன்ஸ்’ என்ற சொல் 2020 வரை ஒட்டிக்கொண்டிருந்து, அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பினால் நீக்கப்பட்டது.

இந்தப் பழைய பொருளை அறிந்த பிறகு, நம் ஊர்ப் ‘பிளாண்டேஷன்’ வேறு மாதிரி தெரிகிறது. பிரேசிலில் 1876இல் சேகரிக்கப்பட்ட ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அந்தக் கன்றுகள் பால்மரங்களாகிப் பல இலட்சம் ஏக்கரில் பரவியபோது, அவற்றோடு கூடவே நடப்பட்டவர்கள் கங்காணிகளின் வழியாகத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர். உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை அந்த நடவு தொடர்ந்தது. ரப்பர் கன்றும் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) குடும்பமும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்களாக ஒரே நிலத்தில் நின்றன. 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பேக்கன் சொன்ன பிடுங்குதலும் நடந்தது.

‘பிளாண்டர்’ என்ற சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நடுகிறவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் மலாயாவில் அது பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரையைக் குறித்தது, 1919இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிளாண்டர்கள் சங்கமும் அவர்களுடையதாகவே இருந்தது. விடியற்காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு போய் உண்மையில் நட்டவர் ஒருபோதும் பிளாண்டர் ஆகவில்லை. அவர் கூலி, பின்பு தொழிலாளி. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெயரிலும் அவர் பிளாண்டேஷனில் வேலை செய்கிறவர்தான். தமிழர்கள் அந்த ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், துரை என்றும் தோட்டம் என்றும் தம் சொற்களையே வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. தமிழ்நாட்டில் வீட்டுக்குப் பின்புறம் நாலு கத்தரிச் செடி நிற்கும் இடமும் தோட்டம்தான்; இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரும், பள்ளியும், மாரியம்மன் கோயிலும் சேர்ந்தது தோட்டம். “எந்தத் தோட்டம்?” என்று கேட்டால் சொந்த ஊரைக் கேட்பதாக அர்த்தம்.

ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்த கதையிலும் அந்த லத்தீன் பாதம் ஒளிந்திருக்கிறது. ஒன்றை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்வதைக் குறிக்கும் ‘சப்பிளாண்ட்’ என்ற ஆங்கில வினை, உள்ளங்காலுக்கு அடியில் கால் கொடுத்து இடறிவிடுதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செம்பனை வணிக அளவில் மலாயாவில் முதன்முதலாக நடப்பட்டது 1917இல். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இடம் எங்கள் பட்டணத்துக்கு அருகேயுள்ள தென்னமரம் தோட்டம். பெயரைக் கேட்டாலே தமிழ்க்காதுக்கு அது என்ன மரம் என்று தெரியும், ஆனால் புகழ் பெற்றது வேறொரு பனையால்.

இந்த மாற்றத்தைத் தொல்காப்பியர் கண்டிருந்தால், மரம் போய்ப் புல் வந்தது என்று சொல்லியிருப்பார். ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்பது தொல்காப்பியத்தின் மரபியல் என்ற இயலில் உள்ள வகைப்பாடு. வெளியே வைரம் பாய்ந்து உள்ளே சோறாக இருக்கும் பனையும் தென்னையும் மூங்கிலும் அவருக்குப் புல். உள்ளே கட்டை இறுகியது மரம். தாவரவியலும் செம்பனையை நெல்லோடும் புல்லோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில் வைக்கிறது. சாய்த்த ரப்பர் மரம் பலகையாகி நாற்காலியும் மேசையும் ஆகிறது. சாய்த்த செம்பனை பெரும்பாலும் காட்டிலேயே சீவப்பட்டு மக்கிப் போகிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை ஆகிய சொற்களைப் புல்லுக்கும், இலை, தளிர், அரும்பு போன்றவற்றை மரத்துக்கும் உரியனவாக அதே மரபியல் பிரித்துக் கூறுகிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் செம்பனைக்கு ஓலை, குலை, ரப்பருக்கு இலை. யாரும் சொல்லித்தந்து இப்படிப் பேசவில்லை. ‘தாவரம்’ என்ற ஒரே பொதுச்சொல் பாடநூல்களில் நிலைபெறுவதற்கு முன் தமிழ் இப்படித்தான் பகுத்துப் பேசியது. அந்த அக்காவின் வாயிலும் அன்று வந்தது ‘கன்னு’ என்ற சொல்தான்.

ஆலை என்ற பொருள் ஆங்கிலத்தில் முளைத்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொழிற்புரட்சியின்போது. தமிழும் தன் வழியில் இதே போன்ற ஒரு பாதையில் நடந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை: ‘ஆலை’ என்பது பழந்தமிழில் கரும்பு பிழியும் எந்திரம், கரும்புக்கே அப்பெயர் உண்டு. பயிரின் பக்கத்தில் பிறந்த சொல்தான் இன்று இரும்பாலைக்கும் துணியாலைக்கும் போயிருக்கிறது. உளவாளி, பொய்த் தடயம் ஆகிய பொருள்களை விளக்க அதிகம் வேண்டாம்; ‘ஆளை நட்டு வைத்திருக்கிறான்’ என்று தமிழில் சொன்னாலும் பாதி புரிந்துவிடும்.

ஆனால் ‘பிளாண்ட்’ என்றால் சட்டப்படி எதுவரை என்ற கேள்வி 1887இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றின் முன் வந்தது. யார்மத் என்ற வண்டியோட்டியை அவருடைய முதலாளியின் முரட்டுக் குதிரை உதைத்துக் காலை முறித்துவிட்டது. முதலாளியின் இயந்திரத்திலோ பிளாண்டிலோ இருந்த குறையால் தொழிலாளிக்குக் காயம் பட்டால் இழப்பீடு உண்டு என்று 1880ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. குதிரை பிளாண்டா? ஆம் என்றது தீர்ப்பு. விற்பதற்காக வைத்திருக்கும் சரக்கு நீங்கலாக, தொழிலை நடத்துவதற்கென்று ஒருவர் நிலையாக வைத்திருக்கும் பொருள்கள் யாவும், அசைவன அசையாதன, உயிருள்ளன உயிரற்றன என்ற வேறுபாடின்றி, பிளாண்ட் என்ற சொல்லில் அடங்கும் என்று நீதிபதி லின்ட்லி விளக்கினார். நம் பகுப்பில் குதிரை ஜங்கமம். அதைத் தாவரம் என்று சொல்லத் தமிழில் வழியே இல்லை. ஆங்கிலத்தில் வழி இருந்ததற்குக் காரணம், அங்கே கேட்கப்பட்டது அது நிற்கிறதா என்பதன்று, தொழிலுக்காக வைத்தவர் யார் என்பதே.

இந்தத் தீர்ப்பை நான் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஐயா ஒருவரிடம் சொன்னபோது, அவர் வியப்படையவில்லை. அவர் சொன்னதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பன்னாட்டுக் கணக்கியல் விதிகளில், பயிர்களையும் கால்நடைகளையும் உயிரினச் சொத்து என்று தனியாக வைத்து ஆண்டுதோறும் மதிப்பிடும் முறை முன்பு இருந்தது. 2014 ஜூனில் வந்த ஒரு திருத்தம் அதை மாற்றி, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பல ஆண்டுகள் விளைச்சல் தந்துகொண்டே இருக்கும் செம்பனை, ரப்பர் போன்றவை ‘சொத்து, பிளாண்ட், உபகரணம்’ என்ற தலைப்புக்குள் போய்விட்டன. கொதிகலனுக்கு எப்படித் தேய்மானம் எழுதுகிறார்களோ, அப்படியே காய்ப்புக்கு வந்த செம்பனைக்கும் அதன் ஆயுட்காலமான ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து தேய்மானம் எழுதுகிறார்கள். கன்று காய்ப்புக்கு வரும்வரை ஆகும் செலவு, இன்னும் கட்டி முடியாத இயந்திரத்தின் செலவைப் போலக் கணக்கில் ஏறுகிறது. மரத்திலிருக்கும் குலை மட்டும் பழைய பிரிவிலேயே இருக்கிறது, அது விற்பனைக்கானது. 1887இல் லின்ட்லி போட்ட கோடு அப்படியே இருக்கிறது: குலை சரக்கு, மரம் பிளாண்ட்.

“முன்னெல்லாம் மரத்துக்குத் தனிப் புத்தகம், மில்லுக்குத் தனிப் புத்தகம்” என்றார் கிராணி ஐயா. “இப்ப ரெண்டும் ஒரே தலைப்பு. ஒரு வரியில பாய்லர், அடுத்த வரியில 2009 வருசத்துக் காடு.”

கடைச் சுவரில் கண்ட விளம்பரத்தை அப்போது அவரிடம் சொன்னேன். அதற்குள் யாரோ ‘தாவர’ என்பதைப் பேனாவால் அடித்து மேலே ‘மில்’ என்று எழுதியிருந்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஏன் தம்பி அடிச்சாங்க? கணக்குப்படி பார்த்தா அது சரியாத்தானே இருந்துச்சு” என்றார்.